பாம்பெர்க்கில் எந்த ப்ரூவரிக்கு முதலில் போவது?

பாம்பெர்க் போகிறவர்களில் நிறையப் பேர் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக ஷ்லெங்கர்லா என்ற புகை பீர் கடைக்குத்தான் நடக்கிறார்கள். கறுத்த பீர் ஒன்று வாங்கி ஒரு வாய் குடித்ததும், விறகடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட இறைச்சியின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறுகிறது. முகம் சுளிக்கிறது. படம் ஒன்று எடுத்துக்கொண்டு, பாதிக் கிளாஸை மேசையிலேயே விட்டுவிட்டு, “புகை பீர் நமக்கு ஒத்துவராது” என்று முடிவுகட்டி அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். பீரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. போன வரிசைதான் தப்பு.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க்குக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். மக்கள்தொகை 80 ஆயிரத்தை ஒட்டி. ப்ரூவரிகளோ பத்துக்குக் கிட்ட. பழைய நகரம் 1993 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. 1516-இல் வந்த பவேரியத் தூய்மைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஆனால் பீரில் தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் பூ) தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று பாம்பெர்க் ஆயர் 1489-லேயே இங்கே ஆணை போட்டுவிட்டார். சிறு அளவில் காய்ச்சும் பீரைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’ என்ற சொல்லை இங்குள்ளவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஆனால் உலகமெங்கும் சிறு ப்ரூவரி நடத்துகிறவர்கள் பாடம் படிக்க வரும் ஊர் இது.

வரிசையைச் சொல்வதற்கு முன் மால்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எல்லாமே அதிலிருந்துதான் தொடங்குகிறது. பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, கேழ்வரகை முளைகட்டுவது போல முளைகட்டி, சரியான பதத்தில் சூடு காட்டி உலர்த்தி முளையை நிறுத்தினால் அதுதான் மால்ட். வெயிலிலும் காற்றிலும் உலர்த்தியது போக, அந்தக் காலத்தில் மால்ட்டை விறகு நெருப்பின் மேல்தான் காயவைத்தார்கள். அதனால் பெரும்பாலான பீரில் கொஞ்சமாவது புகை இருந்தது. நெருப்பு ஒரு பக்கம், சூடான காற்று மட்டும் தானியத்துக்கு என்று பிரித்துவைக்கும் சூளைகள் வந்த பிறகு புகை போய்விட்டது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் ஆகிய இரண்டு ப்ரூவரிகள் மட்டும் பழைய சூளையைக் கைவிடவில்லை. இன்றும் பீச் (beech; பழம் தரும் பீச் அல்ல) மர விறகு எரித்து, அதன் புகையை முளைகட்டிய பார்லிக்கு ஊடாக மேலே விட்டு, தங்கள் மால்ட்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

தானியம் ஈரமாக இருக்கும்போதுதான் புகையை நன்றாகப் பிடிக்கும். விறகிலுள்ள லிக்னின் என்ற பொருள் எரியும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருட்கள் உண்டாகின்றன. ஈரமான உமியின் மேல் அவை படிந்துகொள்கின்றன. காயக் காயப் பிடிப்பு குறையும். இறைச்சியைப் புகையில் வாட்டும்போதும் இதே பொருட்கள்தான் அதன்மேல் படிகின்றன. அதனால்தான் முதல் வாயில் நாக்கு “பன்றி இறைச்சி” என்கிறது. சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை: கிளாஸில் இருப்பது தண்ணீரும் பார்லியும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும்தான், வேறு எதுவும் கிடையாது.

இனி வரிசை. முதலில் ஃபெஸ்லா. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓபரே கோனிக்ஷ்ட்ராஸே என்ற தெருவில் இருக்கிறது. 1649-இல் தொடங்கிய ப்ரூவரி. பீப்பாயை உருட்டிக்கொண்டு போகும் குள்ளன்தான் அதன் சின்னம். பெரிய வாசல் வழியாக நுழைந்ததும் குதிரைவண்டி போகிற அகலத்தில் ஒரு நடை இருக்கும். பக்கத்துச் சன்னலில் காசைக் கொடுத்து பீரை வாங்கி, அங்கேயே நின்று குடிக்கலாம். ஷ்வெம்மே என்று பெயர் இந்த நடைக்கு. காலையிலேயே பக்கத்துத் தெருக்காரர்கள் அங்கே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே உட்காரும் அறையை விட எங்கள் ஓட்டு இந்த நடைக்குத்தான்.

இங்கே குடிக்க வேண்டியது சாதாரண லாகர்பீர், அதாவது குளிரில் நொதிக்கவைத்து முதிரவிட்ட பீர். ஆல்கஹால் 5.5 சதவீதம்; பொன் நிறம்; மால்ட்டின் ரொட்டி இனிப்பு முன்னால் வந்து, பின்னால் மெல்லிய கசப்பில் முடியும். துளியும் புகை கிடையாது. புகை சேராத பாம்பெர்க் மால்ட் எப்படி இருக்கும் என்று நாக்குக்குக் காட்டிவிட்டால், அடுத்த இடத்தில் என்ன கூடியிருக்கிறது என்று அதுவே பிடித்துக்கொள்ளும். ட்ஸ்வெர்க்லா என்ற கருமையான பீரும் நன்றாக இருக்கும்; அதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பாம்பெர்கேட்டர் என்று ஒரு டோப்பல்பாக் (கடுமை மிகுந்த பீர் வகை) உண்டு, 8.5 சதவீதம். பெயர் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் காலையில் குடித்தால் நாள் அங்கேயே முடிந்தது.

அளவுகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். சைட்லா என்றால் அரை லிட்டர். “ஐன் சைட்லா” என்றால் வேறு கேள்வி வராது. ஷ்னிட் என்றால் கிளாஸை நிறைக்காமல் சட்டென்று பிடித்துத் தருவது, நுரை அதிகம் பீர் குறைவு. கிளம்பும் முன் கடைசியாகக் கேட்பது வழக்கம். எத்தனை குடித்தீர்கள் என்பதைக் கிளாஸுக்கு அடியிலுள்ள அட்டையில் பென்சில் கோடு போட்டுக் கணக்கு வைப்பார்கள். அதுதான் உங்கள் பில். கசக்கிப் போடவோ நினைவுப் பொருளாகப் பையில் வைக்கவோ கூடாது. புதியது கேட்டால் தருவார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். கார்டை நம்பிப் போனால் சில இடங்களில் திண்டாட வேண்டியிருக்கும்.

ஃபெஸ்லாவிலிருந்து தெருவைக் கடந்தால் எதிரிலேயே ஷ்பெட்சியால். 1536-இலிருந்து இருக்கிறது. தாழ்ந்த மரக்கூரை, நீளமான மேசைகள். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும். உட்காரும் முன் “இந்த இடம் காலியா?” என்று கேட்பது மரியாதை. ஒரு மேசையில் ‘ஷ்டம்டிஷ்’ என்று பலகை இருந்தால் அது வாடிக்கையாளர்களின் நிரந்தர இடம், அங்கே உட்கார வேண்டாம்.

இங்கே ரௌக்பியர் லாகர் கேளுங்கள். நிறம் கெட்டியான தேநீர் போல. மூக்கருகே கொண்டுபோனால் தணிந்து சாம்பல் பூத்த அடுப்பின் வாசனை, அவ்வளவுதான். வாயில் முதலில் வருவது மால்ட்டின் கேரமல் இனிப்பு. விழுங்கிய பிறகு, மூச்சை வெளியே விடும்போதுதான் புகை தெரியும். புகை மால்ட்டோடு சாதாரண மால்ட்டையும் கலப்பதால் இந்த மென்மை. புகை பீரை அறிமுகம் செய்ய உலகத்தில் இதைவிட நல்ல கிளாஸ் இல்லை என்றே சொல்வோம். பிடித்திருந்தால் இன்னொன்று வாங்குங்கள். இரண்டாவதில் புகை பின்னுக்குப் போய் இனிப்பு முன்னுக்கு வரும். மூக்கு ஒரு வாசனைக்குப் பழகினால் அதைத் தள்ளிவிடும், அதனால்தான்.

ஃபெஸ்லா, ஷ்பெட்சியால் இரண்டிலும் மாடியில் தங்க அறைகள் உண்டு. ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. ஆனால் குடித்துவிட்டுப் படியேறினால் படுக்கை. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அங்கிருந்து பழைய நகரத்துக்குள் இருபது நிமிடம் நிதானமாக நடங்கள். ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகராட்சி மாளிகையைத் தாண்டி, கதீட்ரல் குன்றின் அடிவாரத்துக்கு வந்தால் டொமினிக்கானர் தெருவில் ஷ்லெங்கர்லா. இப்போது தயாராகத்தான் வந்திருக்கிறீர்கள்.

இந்த வீட்டைப் பற்றிய எழுத்துச் சான்று 1405-லிருந்து கிடைக்கிறது. ப்ரூவரியின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹெல்லர். ஆனால் கையை வீசிக்கொண்டு தள்ளாடி நடந்த பழைய ப்ரூவர் ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர்தான் கடைக்கு நிலைத்துவிட்டது. பீர் காய்ச்சுவது இங்கே இல்லை, ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றின் மேல். இங்கே நடப்பது ஊற்றுவது மட்டும். ஆனால் அந்த ஊற்றுவதைப் பார்க்கவே வரலாம்.

மேடைமேல் ஓர் ஓக் பீப்பாய் படுத்திருக்கும். பித்தளைக் குழாயை அதன் முகப்பிலுள்ள அடைப்பில் வைத்து மரச் சுத்தியலால் இரண்டு மூன்று அடி. குழாய் உள்ளே இறங்கும். மேலே காற்று புக ஒரு துளை. அவ்வளவுதான் கருவி. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் இல்லை, பம்பும் இல்லை. பீர் தன் எடையால் தானே இறங்குகிறது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முதலில் வேகமாக விடுவார்கள். காப்பி நிற நுரை ஏறும். சற்று ஒதுக்கி வைத்து, நுரை அடங்கியதும் மறுபடி நிரப்புவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பென்று நினைத்தது அடர் செம்மரமாகத் தெரியும். பாட்டிலில் இதே பீரில் வாயு அதிகம், நாக்கைக் குத்தும். குத்தல் புகையையும் கூர்மையாக்கிக் காட்டும். பீப்பாயிலிருந்து வருவது வழுவழுப்பாக இறங்கும். பாட்டிலில் குடித்துப் பிடிக்காமல் போனவர்கள் இங்கே ஒருமுறை குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லட்டும்.

கேட்க வேண்டியது மேர்ட்ஸன். 5.1 சதவீதம். மால்ட் முழுவதும் புகையூட்டியதுதான், கலப்பே இல்லை. ஷ்பெட்சியாலிலிருந்து வந்த நாக்குக்கு இப்போது அதிர்ச்சி இருக்காது. முதல் கால் கிளாஸ் வரை புகைதான் பேசும். பாதி தாண்டியதும் அதற்குக் கீழே இருக்கும் காய்ந்த பழம், கருக்கிய சர்க்கரை, கடைசியில் ஹாப்ஸின் உறுதியான கசப்பு ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் வாய் விநோதமாக இருந்தாலும் நிறுத்திவிடாதீர்கள் என்று அவர்களே கிளாஸ் அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். உண்மையான அறிவுரை. கால் கிளாஸோடு எழுந்து போகிறவருக்கு இந்த பீரைத் தெரியாது.

கூட வந்தவருக்கு இன்னும் தயக்கம் இருந்தால் ஹெல்லஸ் லாகர் கேட்கலாம். அதில் புகை மால்ட்டே கிடையாது. ஆனால் அதே செம்புக் கொப்பரை, புகை பீரில் வளர்ந்த அதே ஈஸ்ட். அந்த வழியில் ஒட்டிக்கொண்ட நூலிழைப் புகை மட்டும் இருக்கும். பருவ பீர்களும் உண்டு. அக்டோபரில் உர்பாக், 6.5 சதவீதம், மேர்ட்ஸனின் அண்ணன். டிசம்பரில் ஐஹே, 8 சதவீதம். அதற்கு மட்டும் பீச்சுக்குப் பதில் ஓக் விறகில் மால்ட்டை உலர்த்துகிறார்கள், புகை உருண்டு மென்மையாக இருக்கும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஃபாஸ்டன்பியர். ஒரே ஒரு முறைதான் பாம்பெர்க் போக முடியும் என்றால் அக்டோபர் கடைசியோ நவம்பரோ போங்கள். உர்பாக்குக்காகவே சொல்கிறோம், மற்ற ப்ரூவரிகளும் அந்த வாரங்களில் தங்கள் கடும் பீரான பாக்கைத் திறப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், அன்று ஊரே அங்கே இருக்கும்.

நேரம் முக்கியம். சனிக்கிழமை மாலை ஷ்லெங்கர்லாவில் இடம் கிடைக்காது. வாசலுக்கு வெளியே தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். வார நாளில் மதிய உணவுக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணி வாக்கில் போனால் பழைய மடாலய அறையின் வளைகூரைக்குக் கீழேயே உட்காரலாம். ஆகஸ்ட் கடைசியில் சாண்ட்கெர்வா திருவிழா நடக்கும் நாட்களில் பீரை ருசித்துப் பார்க்க வர வேண்டாம். திருவிழா பார்க்க வேண்டுமானால் வாருங்கள்.

புகை போதும் என்கிறவர்களுக்கும், முதல் நாளை முடித்தவர்களுக்கும் அடுத்து வுண்டர்புர்க். நிலையத்திலிருந்து தெற்கே கால் மணி நேர நடை. சுற்றுலாக்காரர்கள் அதிகம் வராத பகுதி. ஒரே தெருவில், ஒரு தேவாலயத்தை ஒட்டி, எதிரெதிராக இரண்டு ப்ரூவரிகள்: மார்ஸ், கேஸ்மன்.

மார்ஸ் 1670-லிருந்து இருக்கிறது. அங்கே போய் “ஆ ஊ” என்று சொன்னால் போதும். ‘ஒரு ஊ’ என்று அர்த்தம். ஊ என்பது ‘உன்கெஷ்புண்டட்’ என்பதன் முதல் எழுத்து, அதாவது அடைப்புப் போடாதது. பீர் நொதித்து முடியும் தறுவாயில் தொட்டியை இறுக்கி மூடினால், உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் பீரிலேயே கரையும். குமிழும் குத்தலும் அப்படித்தான் வருகின்றன. இந்த பீரில் மூடாமல் விடுகிறார்கள். வாயு போய்விடுகிறது. மிஞ்சுவது கலங்கலான செம்பொன் நிற பீர், மெல்லிய நுரை, வயிறு உப்பாத இறக்கம், புது ரொட்டியின் உள்பகுதி போன்ற சுவை. பிறந்த இடத்தை விட்டுத் தள்ளிப்போகப் போக இந்த வகை பீர் களை இழக்கும். பாட்டிலில் வெளிநாடு வரை போகிறதுதான். ஆனால் இந்த மர அறையில் குடிப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது. கொஞ்ச நேரம் விட்டாலும் சப்பென்று ஆகிவிடும், ஆகவே கிளாஸ் வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாம்பெர்க்கில் ஒரே ஒரு புகையில்லாத பீர் என்றால் எங்கள் தேர்வு இதுதான்.

எதிரே கேஸ்மன், 1867. இங்கே ஹெரன் பில்ஸ். பாம்பெர்க் அடங்கிய ஃபிராங்கோனியா வட்டாரத்தில் மால்ட் பக்கம் சாய்ந்த பீரே அதிகம்; இது அதற்கு நேரெதிர். வெளிறிய பொன் நிறம், கண்ணாடித் தெளிவு, வெள்ளை நுரை, புல்லும் மூலிகையும் கலந்த ஹாப்ஸ் வாசனை, சுத்தமான வறண்ட கசப்பு. மார்ஸில் ஊ, உடனே தெருவைக் கடந்து கேஸ்மனில் பில்ஸ் என்று மாற்றிக் குடித்தால் மால்ட் எங்கே முடிகிறது, ஹாப்ஸ் எங்கே தொடங்குகிறது என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

மற்றவை சுருக்கமாக. க்ளோஸ்டர்ப்ரோய் 1533, ஊரிலேயே பழைய ப்ரூவரி என்று சொல்லிக்கொள்வது. ஆற்றங்கரையில் அழகான கட்டடம். கருமையான ஷ்வெர்ட்ஸ்லா ஒன்றுக்காகப் போகலாம். கிரைஃபன்கிளௌ 1719, பீரை விடத் தோட்டத்திலிருந்து ஆல்டன்புர்க் கோட்டையைப் பார்க்கும் காட்சிக்காக.

கோடையில் போனால் ‘கெல்லர்’ ஒன்றைத் தவறவிடக் கூடாது. கெல்லர் என்றால் நிலவறை. ஆனால் ஃபிராங்கோனியாவில் கெல்லருக்குள்ளே போவதில்லை, கெல்லரின் ‘மேலே’ போகிறோம் என்பார்கள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குன்றின் மணற்பாறையைக் குடைந்து பீரைக் குளிர்ச்சியாக வைத்தார்கள். மேல்மண் சூடாகாமல் இருக்க மரம் நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டது பிறகு நடந்தது. ஷ்டெஃபான்ஸ்பெர்க்கின் மேலே உள்ள ஷ்பெட்சியால் கெல்லரில் கதீட்ரலின் நான்கு கோபுரங்களும் எதிரே தெரியும்; மாலை வெயிலில் ஒரு சைட்லா புகை லாகர், அதற்கு மேல் என்ன வேண்டும். ஏற்றம் செங்குத்து, பழைய நகரத்திலிருந்து இருபது நிமிடம். மழை வந்தால் மரநிழலில் உட்கார முடியாது, வானத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் பன்றி இறைச்சி. ஷொய்ஃபர்லா என்பது தோள் கறி, மேலே மொறுமொறுப்பான தோல். பாம்பெர்க் வெங்காயம் என்றால் கறிக் கொத்து அடைத்து வேகவைத்து, புகை பீர் குழம்பு ஊற்றியது. ட்ஸ்வெட்ஷ்கன்பாமஸ் என்று மெல்லிய துண்டுகளாக வருவது புகையிட்ட மாட்டிறைச்சி. வேண்டாதவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளவும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒபாட்ஸ்டா என்ற பாப்ரிகா பொடி சேர்த்துப் பிசைந்த சீஸ், ட்ஸீபலஸ்கேஸ் என்ற வெங்காயம் கலந்த தயிர்ப்பாலாடை, கறுப்பு ரொட்டி. வயிறு காலியாக மேர்ட்ஸனைத் தொட வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. ஐந்து சைட்லா என்றால் இரண்டரை லிட்டர். நான்காவதிலேயே நாக்கு மரத்துவிடும். முதல் நாள் ஃபெஸ்லா, ஷ்பெட்சியால், ஷ்லெங்கர்லா; இரண்டாம் நாள் வுண்டர்புர்க்கும் கெல்லரும். ஒரு நாள்தான் கைவசம் என்றால் வுண்டர்புர்க்கை விடுங்கள், முதல் மூன்றை விடாதீர்கள். இருவராகப் போனால் ஃபெஸ்லாவில் ஒரு சைட்லாவைப் பகிர்ந்துகொள்ளலாம். பல கடைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ‘ரூஹடாக்’, விடுமுறை. கிளம்பும் முன் அந்தந்த ப்ரூவரியின் தளத்தில் பார்த்துவிடவும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பீர் காய்ச்சுவதில் ஆர்வமுள்ளவர்கள் ரயில் பாதையை ஒட்டியுள்ள வையர்மன் மால்ட் ஆலையின் கடைக்கும் போக வேண்டும். 1879-இல் தொடங்கியது, செங்கல் கட்டடங்கள் தூரத்திலிருந்தே தெரியும். சில நாட்களில் ஊருக்குள் வறுத்த தானிய வாசனை வீசும். வேறு நாடுகளில் புகை பீர் காய்ச்சுகிறவர்கள் பலரும் வாங்குவது இவர்களின் பீச் புகை மால்ட்டைத்தான். ஆனால் ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியாலும் தங்கள் சூளை மால்ட்டை வெளியே கொடுப்பதில்லை. அதனால்தான் வேறெங்கும் காய்ச்சும் புகை பீர் இவற்றின் பக்கத்தில் வருவதில்லை.

ஊருக்கு எடுத்துவர ஆசைப்பட்டால்: இந்தியாவுக்குள் ஒரு பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர், பீரும் அதற்குள்தான் அடக்கம். அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. ஊ பாட்டிலை எடுக்க வேண்டாம், வீடு சேர்வதற்குள் களைத்துவிடும். மேர்ட்ஸன் இரண்டு, பருவத்தில் போயிருந்தால் உர்பாக் ஒன்று, ஐஹே ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். வந்ததும் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, இருட்டில், குளிரில் ஓய்வு கொடுங்கள். குடிக்கும் முன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். 8 முதல் 10 டிகிரிக்கு வந்தால்தான் புகைக்குக் கீழேயிருக்கும் மால்ட் வாய் திறக்கும். ஐஹேவை அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் இருக்கும்.